பதிவுகளைத் தாண்டிச் செல்லும் ஸ்கிப்: வினவலுக்குள் நடப்பது என்ன?

தரவுத்தள வினவல் பைப்லைனில், அதாவது பதிவுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்து செல்லும் கட்டங்களின் தொடரில், ஸ்கிப் அளவுக்கு எளிமையாகத் தோன்றும் கட்டம் வேறு இல்லை. ஓர் எண்ணைக் கொடுத்தால், வரிசையாக வந்துகொண்டிருக்கும் பதிவுகளில் முதல் அத்தனை பதிவுகளை விட்டுவிட்டு, எஞ்சியவற்றை அடுத்த கட்டத்துக்கு அது அனுப்பிவிடுகிறது. பதிவுகளின் உள்ளடக்கத்தை அது தொடுவதே இல்லை. மாங்கோடிபி என்ற தரவுத்தளத்தில் 2012இல் வந்த 2.2 பதிப்பில், இப்படிக் கட்டம் கட்டமாகத் தரவைக் கையாளும் அக்ரிகேஷன் பைப்லைன் அறிமுகமானது முதல் ஸ்கிப் அதில் இருக்கிறது. எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் இதே வேலையை ஆஃப்செட் செய்கிறது. பெயர் எதுவானாலும் அதற்குப் புரிவது எண்ணிக்கை மட்டுமே. நாம் எந்தப் பதிவுவரை பார்த்து முடித்தோம் என்பது அதற்குத் தெரியாது. பக்கம் பக்கமாகத் தரவைக் காட்டும் நிரல்களிலும், இரவு முழுவதும் ஓடும் பின்னணி வேலைகளிலும் நான் காணும் கோளாறுகளில் பெரும்பகுதி, எங்கே நின்றோம் என்பதைச் சொல்ல வேண்டிய இடத்தில் எத்தனை என்று சொல்லிவிடுவதால் வருகிறது. ஆகவே இந்தச் சிறிய கட்டத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன்.

ஒரு லட்சம் பதிவுகளைத் தாண்டி அடுத்த 20 பதிவுகளைக் கேட்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். தரவுத்தளம் நேராக 1,00,001ஆவது பதிவில் போய் இறங்கிவிடும் என்றுதான் பலரும் எண்ணுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. அது முதல் பதிவிலிருந்து தொடங்கி, ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணி, தூக்கிப் போட்டுவிட்டு, ஒரு லட்சத்து இருபதாவது பதிவு வந்ததும் நிற்கிறது. விடப்படும் பதிவுகளும் சர்வருக்குள் கணக்கிடப்பட்டே தீர வேண்டும் என்றும், அதனால் பெரிய ஆஃப்செட் திறன் குறைந்ததாக இருக்கக்கூடும் என்றும் போஸ்ட்கிரெஸ் என்ற எஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் ஆவணமே வெளிப்படையாகச் சொல்கிறது. வடிகட்டும் நிபந்தனை இருந்தால் ஒவ்வொரு பதிவிலும் அதைச் சோதித்து, தேறியவற்றை மட்டும் எண்ண வேண்டியிருப்பதால் வேலை இன்னும் கூடுகிறது.

பதிவுகளை விரைவாகத் தேட உதவும் வரிசைப்படுத்திய பட்டியலான இன்டெக்ஸ் இருந்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடாதா என்ற கேள்வி நியாயமானது. இன்டெக்ஸ்கள் பெரும்பாலும் பி-ட்ரீ என்ற, கிளை பிரியும் மர வடிவில் இருக்கின்றன. வேரிலிருந்து இலைவரை இறங்கும்போது அந்த மரம் ஒவ்வொரு முனையிலும், தேடும் மதிப்பு இந்தக் கிளையில் இருக்குமா அடுத்த கிளையில் இருக்குமா என்று மதிப்பை வைத்து வழிகாட்டும். ஒரு கிளைக்குக் கீழே மொத்தம் எத்தனை பதிவுகள் உள்ளன என்பதை அது குறித்து வைப்பதில்லை. குறித்து வைப்பதாக இருந்தால், ஒரு பதிவு சேரும்போதும் நீங்கும்போதும் வேர்வரை உள்ள எல்லா எண்ணிக்கைகளையும் திருத்த வேண்டும். ஒரே நேரத்தில் பலர் எழுதும் தரவுத்தளத்தில் எல்லோரும் வேர் முனையில் வந்து முட்டிக்கொள்வார்கள். அதற்கும் மேலாக, ஒரே பதிவின் பல பதிப்புகளை ஒரே நேரத்தில் வைத்திருக்கும் தரவுத்தளங்களில், ஒரு பதிவு கண்ணுக்குத் தெரிகிறதா இல்லையா என்பது பரிவர்த்தனைக்குப் பரிவர்த்தனை மாறும். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண்ணிக்கை என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. ஆகவே இன்டெக்ஸ் வரிசைப்படுத்தும் செலவை மிச்சப்படுத்தித் தரும். எண்ணித் தாண்டும் செலவை அதனால் நீக்க முடியாது. மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தின் சேமிப்பு எந்திரமான இன்னோடிபியில், முதன்மைத் திறவுகோல் அல்லாத புலத்துக்கான இரண்டாம் நிலை இன்டெக்ஸ் வழியாக எல்லாப் புலங்களையும் கேட்டால், தூக்கிப் போடப்போகும் பதிவுக்காகவும் முதன்மைத் திறவுகோல் வழியே போய் முழுப் பதிவை எடுத்து வர வேண்டியிருக்கிறது. இதற்காகவே, உள்வினவலில் திறவுகோல்களை மட்டும் ஆஃப்செட் கொடுத்து எடுத்து, பிறகு முழுப் பதிவுகளோடு இணைக்கும் உத்தி புழக்கத்தில் இருக்கிறது. அது செலவை நன்றாகவே குறைக்கிறது. ஆனால் எண்ணும் வேலை அப்படியே நிற்கிறது.

ஒரு பக்கத்துக்கு மட்டும் என்றால் இந்தச் செலவைப் பொறுத்துக்கொள்ளலாம். முழு அட்டவணையையும் இப்படிப் படிக்கத் தொடங்கும்போதுதான் அதன் உண்மையான அளவு தெரிய வருகிறது. பத்து லட்சம் பதிவுகளை நூறு நூறாக ஸ்கிப் வழியே படித்தால் மொத்தம் 10,000 வினவல்கள். முதல் வினவல் எதையும் தாண்டுவதில்லை. இரண்டாவது 100 பதிவுகளைத் தாண்டுகிறது. கடைசி வினவல் 9,99,900 பதிவுகளைத் தாண்டுகிறது. எல்லாவற்றையும் கூட்டினால், பத்து லட்சம் பதிவுகளைப் பெறுவதற்காக ஏறக்குறைய 500 கோடி பதிவுகளை எடுத்து எறிந்திருக்கிறோம். பதிவுகள் இரு மடங்கானால் இந்த எண்ணிக்கை நான்கு மடங்காகும். சோதனைத் தரவில் சிட்டாய்ப் பறந்த நிரல், சில மாதங்கள் கழித்து உண்மையான தரவில் தவழ்வதற்கு இந்தக் கணக்கே காரணம். நிரலில் யாரும் எதையும் மாற்றியிருக்க மாட்டார்கள்.

ஷார்டுகளாக, அதாவது பல சர்வர்களில் துண்டு துண்டாக, பிரிக்கப்பட்ட தரவுத்தளத்தில் நிலைமை மேலும் கடினமாகிறது. ஒட்டுமொத்த வரிசையில் முதல் ஒரு லட்சம் பதிவுகள் எந்தெந்த ஷார்டில் எத்தனை எத்தனை இருக்கின்றன என்று எந்த ஷார்டுக்கும் தெரியாது. எனவே எந்த ஷார்டும் தானாக எதையும் தாண்டிவிட முடியாது. ஸ்கிப்பையும், எத்தனை பதிவுகள் வேண்டும் என்று சொல்லும் லிமிட்டையும் கூட்டினால் வரும் அளவுவரை ஒவ்வொரு ஷார்டும் பதிவுகளைத் தர வேண்டியிருக்கும். அவற்றை ஒன்றிணைக்கும் இடத்தில்தான் தாண்டுதல் நடக்கும். தேடலுக்கான தரவுத்தளமான எலாஸ்டிக்சர்ச் இதற்கு ஒரு வரம்பையே வைத்துவிட்டது: தொடக்கநிலை அமைப்பில், தாண்டுவதும் கேட்பதும் சேர்ந்து 10,000ஐ மீறினால் வினவலை ஏற்க மறுத்துவிடும். இந்தக் கண்டிப்பு சரியானது என்றே நான் கருதுகிறேன். ஆழமான பக்கங்களுக்கு வேறு வழியை நாட வேண்டும் என்பதை அது தொடக்கத்திலேயே உணர்த்திவிடுகிறது.

இனி கட்டங்களின் வரிசை. மாங்கோடிபியின் சாதாரண ஃபைண்ட் வினவலில் ஸ்கிப்பையும் லிமிட்டையும் எந்த வரிசையில் எழுதினாலும், தாண்டுதல் முதலிலும் அளவு பின்னரும் செயல்படும். அக்ரிகேஷன் பைப்லைனில் அப்படியல்ல. எழுதிய வரிசையே பொருளைத் தீர்மானிக்கிறது. 5 பதிவுகளைத் தாண்டி 10 பதிவுகளை எடுக்கச் சொன்னால் ஆறாவது முதல் பதினைந்தாவது வரை கிடைக்கும். 10 பதிவுகளுக்கு அளவு வைத்துவிட்டுப் பிறகு 5 பதிவுகளைத் தாண்டச் சொன்னால் ஆறாவது முதல் பத்தாவது வரை, அதாவது 5 பதிவுகள் மட்டுமே கிடைக்கும். ஃபைண்ட் வினவலை அக்ரிகேஷனாக மாற்றி எழுதும்போது இந்த இடத்தில் கவனம் தேவை. மற்றபடி, வினவலை ஓட்டும் முன் சீரமைக்கும் ஆப்டிமைசர் நமக்காகச் சில நல்ல வேலைகளைச் செய்கிறது: அடுத்தடுத்து இரண்டு ஸ்கிப் இருந்தால் கூட்டி ஒன்றாக்குகிறது, சார்ட் (வரிசைப்படுத்தும் கட்டம்), ஸ்கிப், லிமிட் என்று வந்தால் லிமிட்டைச் சார்ட்டோடு இணைத்து, 10ஐத் தாண்டி 5ஐக் கேட்கும்போது முதல் 15 பதிவுகளை மட்டும் நினைவகத்தில் வைத்து வரிசைப்படுத்துகிறது. ஸ்கிப் எண் பெரிதாகப் பெரிதாக இந்தச் சலுகையும் கரைந்துகொண்டே போகும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

வேகத்தை விட்டுவிட்டுச் சரியான விடை கிடைக்கிறதா என்ற பக்கம் வருவோம். மெதுவான வினவல் தன்னை வெளிக்காட்டிக்கொள்ளும்; தவறான வினவல் அப்படிச் செய்வதில்லை. ஆகவே என் கவலை முழுவதும் இந்தப் பக்கம்தான் இருக்கிறது.

ஸ்கிப் ஒழுங்காக வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொரு வினவலிலும் பதிவுகள் ஒரே வரிசையில் வர வேண்டும். வரிசைப்படுத்தாமல் ஸ்கிப் கொடுப்பது எந்த உறுதியும் இல்லாத செயல். வரிசைப்படுத்தினாலும், தேதி போன்ற, பல பதிவுகளுக்கு ஒரே மதிப்பு இருக்கக்கூடிய புலத்தை மட்டும் வைத்து வரிசைப்படுத்தினால் அதுவும் போதாது. ஒரே தேதி கொண்ட பதிவுகள் தங்களுக்குள் எந்த வரிசையில் வரும் என்பதற்கு மாங்கோடிபியும் உறுதி தருவதில்லை, போஸ்ட்கிரெஸும் தருவதில்லை. இது ஏட்டளவு ஆபத்து அல்ல. முதல் பக்கத்துக்கு 20 பதிவுகள் போதும் என்னும்போது போஸ்ட்கிரெஸ் ஒரு சிறிய ஹீப்பை (முன்னிலையில் உள்ளவற்றை மட்டும் தக்கவைக்கும் நினைவக அமைப்பை) வைத்துக்கொண்டு முதல் 20ஐ மட்டும் பொறுக்கி எடுக்கிறது. ஆஃப்செட் பெரிதாகிவிட்டால் முழுத் தொகுப்பையும் வேறு முறையில் வரிசைப்படுத்துகிறது. முறை மாறினால் சமமான மதிப்புகளின் உள்வரிசையும் மாறலாம். முதல் பக்கத்தில் வந்த ஒரு பதிவு ஏழாவது பக்கத்தில் மீண்டும் வருவதும், இன்னொன்று எந்தப் பக்கத்திலும் வராமல் போவதும், தரவில் ஒரு எழுத்தும் மாறாத நிலையிலேயே நடக்கலாம். தீர்வு சிறியது: வரிசைப்படுத்தும் புலங்களின் கடைசியில், தனித்தன்மை உள்ள ஐடி புலத்தையும் சேர்த்துவிட வேண்டும். பக்கம் பிரிக்கும் வினவல் ஒன்றைச் சரிபார்க்க உட்காரும்போது நான் முதலில் தேடுவது இதைத்தான்.

தரவு மாறிக்கொண்டிருந்தால் சிக்கல் இன்னொரு படி ஏறுகிறது. புதியவை மேலே வரும்படி வரிசைப்படுத்தி, பக்கத்துக்கு 20 காட்டுகிறோம். வாசகர் முதல் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு புதிய பதிவு சேர்ந்தால், இருபதாவதாக இருந்தது இருபத்தொன்றாவதாக இறங்கி, இரண்டாம் பக்கத்தின் உச்சியில் மீண்டும் தோன்றும். ஒரு பதிவு நீக்கப்பட்டால், இருபத்தொன்றாவதாக இருந்தது இருபதாவதாக ஏறிவிடும். அதை வாசகர் பார்க்கவே மாட்டார். திரையில் ஒரு பட்டியல் இப்படிச் சற்றுப் பிசகுவதைப் பலரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. மனிதர் பார்க்காத இடத்தில், ஒரு பின்னணி வேலை இதே முறையில் பதிவுகளைக் கையாளும்போது விளைவு வேறாகிறது.

அத்தகைய ஒரு வேலையை நெருங்கிப் பார்ப்போம். அட்டவணையில் 1 முதல் 1,000 வரை பதிவுகள். எல்லாம் 'நிலுவை' என்ற நிலையில் இருக்கின்றன. நிலுவையில் உள்ளவற்றை ஐடி வரிசையில் நூறு நூறாக எடுத்து, வேலையை முடித்து, 'முடிந்தது' என்று மாற்ற வேண்டும். நிரல் முதலில் ஸ்கிப் 0 என்று கேட்கிறது, 1 முதல் 100 வரை கிடைக்கிறது, முடித்துவிடுகிறது. அடுத்து ஸ்கிப் 100 என்று கேட்கிறது. ஆனால் நிலுவைப் பட்டியல் இப்போது 101இல் தொடங்குகிறது. அதில் முதல் நூறை, அதாவது 101 முதல் 200 வரை, தாண்டிவிட்டு 201 முதல் 300 வரை வருகிறது. அடுத்தது ஸ்கிப் 200. நிலுவையில் முன்னே நிற்பவை 101 முதல் 200 வரையும் 301 முதல் 400 வரையும். இந்த இருநூறும் தாண்டப்பட்டு, 401 முதல் 500 வரை கிடைக்கிறது. இப்படியே 601 முதல் 700, 801 முதல் 900 என்று போய், ஸ்கிப் 500 என்று கேட்கும்போது நிலுவையில் மீதம் சரியாக 500 பதிவுகளே இருப்பதால் வெறும் பட்டியல் திரும்பி வருகிறது. பதிவுகள் தீர்ந்துவிட்டன என்று நிரல் முடிவு செய்து, வெற்றி என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நின்றுவிடுகிறது. சரிபாதி வேலை நடக்கவே இல்லை. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. மறுநாள் அதே வேலை மீண்டும் ஓடும்போது மிச்சத்தில் பாதிக்கும் சற்று மேல் முடியும் என்பதால், எல்லாம் மெல்ல மெல்லச் சரியாகிக்கொண்டு வருவதுபோல் ஒரு தோற்றம் உண்டாகிறது. இதனாலேயே இத்தகைய கோளாறு நெடுங்காலம் கண்டுபிடிக்கப்படாமல் போகிறது.

இதற்கு உடனே தோன்றும் மாற்று, ஸ்கிப்பை எடுத்துவிட்டு எப்போதும் முதல் நூறை எடுப்பது. முடிந்தவை பட்டியலிலிருந்து விலகிக்கொண்டே இருப்பதால் அது பெரும்பாலும் சரியாக நடக்கும். ஆனால் ஏதோ காரணத்தால் முடிக்க முடியாத பதிவுகள் சில இருந்தால், அவை நிலுவையிலேயே நின்று, ஒவ்வொரு முறையும் முன்வரிசையில் வந்து நிற்கும். அவை நூறைத் தொட்டுவிட்டால் வேலை அதே இடத்தில் சுழலும். ஆகவே கடைசியாகக் கையாண்ட ஐடியை நினைவில் வைத்துக்கொண்டு, நிலுவையில் இருப்பவற்றில் அதைவிடப் பெரிய ஐடி கொண்ட முதல் நூறைக் கேட்பதே நேர்வழி. நிலை மாறினாலும் மாறாவிட்டாலும், இடையில் பதிவுகள் நீங்கினாலும், ஒரு பதிவு இருமுறை வராது, விடுபடவும் செய்யாது. தோல்வியுற்றவற்றுக்குத் தனியாக இன்னொரு சுற்று வைத்துக்கொள்ளலாம்.

இதே வழி பக்கம் பிரிப்பதற்கும் பொருந்தும். கீசெட் முறை என்று இதைக் குறிப்பிடுகிறார்கள். தேதியும் ஐடியும் சேர்ந்த இன்டெக்ஸ் ஒன்று வேண்டும். முந்தைய பக்கத்தின் கடைசிப் பதிவிலுள்ள தேதியையும் ஐடியையும் எடுத்துக்கொண்டு, தேதி அதற்கு முந்தியதாக உள்ளவை, அல்லது தேதி அதுவே ஆனால் ஐடி அதைவிடச் சிறியதாக உள்ளவை என்று வடிகட்டும் மேட்ச் கட்டத்தில் நிபந்தனை எழுதி, அதே இறங்குவரிசையில் சார்ட் செய்து, லிமிட் கொடுக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் இரண்டு புலங்களையும் ஓர் அடைப்புக்குள் வைத்து, இரண்டு மதிப்புகளோடு ஒரே ஒப்பீடாக எழுதிவிடலாம். பி-ட்ரீ மதிப்பை வைத்து இறங்குவதில் வல்லது அல்லவா. எனவே முதல் பக்கமானாலும் ஐயாயிரமாவது பக்கமானாலும் அது வேரிலிருந்து நேராக அந்த இடத்துக்கு இறங்கி 20 பதிவுகளைப் படித்துவிட்டு நின்றுவிடும்.

இந்த முறையிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. போஸ்ட்கிரெஸ் நேரத்தை மைக்ரோவினாடிவரை துல்லியமாக வைக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் டேட் மில்லிவினாடியோடு நின்றுவிடுகிறது. கடைசிப் பதிவின் நேரம் 10:00:00.123456 என்றால், நிரல் வழியாகப் போய்த் திரும்பும்போது அது 10:00:00.123 ஆகச் சுருங்கிவிடும். இறங்குவரிசையில் அதற்கு முந்தியவற்றைக் கேட்டால், அந்தச் சிறிய இடைவெளிக்குள் விழும் பதிவுகள் விடுபடும். ஏறுவரிசையில் கேட்டால் கடைசிப் பதிவே மீண்டும் வரும். ஆகவே தரவுத்தளம் கொடுத்த மதிப்பை எழுத்துச்சரமாகவே வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுப்பது நல்லது. வரிசைப்படுத்தும் புலத்தில் NULL, அதாவது மதிப்பே இல்லாத நிலை, இருக்க முடியுமானால் ஒப்பீடு பொய்த்துவிடும். அதற்குத் தனி நிபந்தனை வேண்டும். மாங்கோடிபியின் இயல்பான ஐடி வகையான ஆப்ஜெக்ட்ஐடியை நேரத்துக்குப் பதிலாக நம்பி வரிசைப்படுத்துபவர்கள், அதன் 12 பைட்டுகளில் முதல் 4 மட்டுமே நேரம், அதுவும் வினாடி அளவில்தான் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரே வினாடிக்குள் வெவ்வேறு இடங்களில் உருவான பதிவுகளின் வரிசை, அவை உருவான வரிசையாக இராது.

47ஆம் பக்கத்துக்கு நேராகப் போகும் வசதி கீசெட் முறையில் இல்லை என்று ஒரு குறை சொல்லப்படுகிறது. உண்மைதான். ஆனால் 47ஆம் பக்கத்தை ஒருவர் சொடுக்குவது அந்த எண்ணின் மீதுள்ள ஆர்வத்தால் அல்ல. ஒரு குறிப்பிட்ட காலத்தின் அல்லது ஒரு குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் பதிவு அந்தப் பக்கம் இருக்கலாம் என்ற ஊகத்தால். தேதியையோ தொடக்க எழுத்தையோ கொடுத்து அங்கே போகும் வழியை அமைத்துக் கொடுத்தால், அவர் தேடியது முதல் முயற்சியிலேயே கிடைக்கும். முழு அட்டவணையையும் ஏற்றுமதி செய்யும் வேலைக்குப் பக்கமே தேவையில்லை. வினவலின் விடையைத் தொகுதி தொகுதியாகத் தரும் கர்சர் ஒன்றைத் திறந்து கடைசிவரை படித்துவிடலாம். மாங்கோடிபியில் பயன்படுத்தப்படாமல் 10 நிமிடம் கிடக்கும் கர்சர் மூடப்பட்டுவிடும் என்பதால், ஒவ்வொரு தொகுதிக்கும் இடையே நீண்ட வேலையைப் புகுத்தாமல் இருப்பது மட்டும் அவசியம்.

இவ்வளவு சொன்னதால் ஸ்கிப்பை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். எண்ணிக்கையே பொருளாக இருக்கும் இடங்களில் அதற்கு மாற்று இல்லை. தொகுத்துக் கூட்டிய பிறகு, முதல் மூன்று இடங்களை விட்டுவிட்டு நான்காவது முதல் பத்தாவது வரை உள்ளவற்றைக் கேட்கும்போது, இரண்டாவது பெரிய மதிப்பை எடுக்கும்போது, சில நூறு பதிவுகளுக்கு மேல் வளராத நிர்வாகப் பட்டியலைப் பக்கம் பிரிக்கும்போது, ஸ்கிப் எழுதுவதே தெளிவானது. அங்கே கீசெட்டைக் கொண்டுவந்து சிக்கலாக்குவது வீண் வேலை.

ஓர் இடத்தில் ஸ்கிப் ஏற்றதா இல்லையா என்பதில் ஐயம் எழுந்தால், வினவல் எப்படி நடக்கிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் எடுத்துப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸில், ஒரு லட்சத்தைத் தாண்டி 20 கேட்ட அந்த வினவலுக்கு அதை அனலைஸோடு சேர்த்து ஓட்டினால், மேலே லிமிட் என்ற வரியில் 20 பதிவுகள் என்றும், அதற்குக் கீழே இன்டெக்ஸ் ஸ்கேன் என்ற வரியில் 1,00,020 பதிவுகள் என்றும் வரும். மாங்கோடிபியில் திருப்பித் தந்த பதிவுகளின் எண்ணிக்கையையும், ஆராய்ந்த இன்டெக்ஸ் திறவுகோல்களின் எண்ணிக்கையையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்துக்கு மட்டும் பார்த்து நிறைவடையாமல், ஆழமான ஒரு பக்கத்துக்கும் இதை எடுத்துப் பார்க்க வேண்டும். முதல் பக்கத்தில் இரண்டு எண்களும் பெரும்பாலும் ஒத்துப்போகும்.